தேங்காயெண்ணெய் பூசிய தோட்டாக்கள்

எங்கள் வயதுக்காரர்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடினால், மாத்திரைகளைப் பற்றிய பேச்சு முடிந்ததும் அப்பாமாரைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. ஒருவருடைய அப்பா இரண்டு வேலை செய்தாராம். இன்னொருவருடைய அப்பா கோட்டு இல்லாமல் குளிருக்குள் ரயில் ஏறினாராம். எல்லாரும் தெய்வங்கள். போன வாரமும் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் அப்பா தெய்வம் அல்ல. நல்ல மனிதர். என் வாழ்நாளுக்கான பொறுமை முழுவதையும் எனக்குப் பதினொரு வயது முடிவதற்குள் செலவழித்து முடித்த நல்ல மனிதர். உங்களில் சிலருக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார், வெளியில் சொல்லமாட்டீர்கள்.

ஆண்டு 1975. இதை வெறும் ஞாபகத்தை நம்பிச் சொல்லவில்லை. இந்த நாட்டில் கலர் டெலிவிஷன் வந்த வருடம் அது; எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நவம்பரில் கவர்னர் ஜெனரல் பிரதமரைப் பதவி நீக்கி வீட்டுக்கு அனுப்பினார். நான் சொல்லப்போகும் சனிக்கிழமை அதற்குப் பின்னால்தான் வந்தது, ஏனென்றால் அன்று எல்லாரும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். அந்த வருடத்துப் பனிக்காலமும் அதை அடுத்த வசந்தமும்தான் கதை; பூமியின் இந்தத் தென்பாதியில் ஜூலையில் குளிர், நவம்பரில் வசந்தம்.

லிட்கம் என்ற புறநகரில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், ஃபைப்ரோ என்கிற கல்நார் சிமெந்துத் தகடு அடித்த வாடகை வீடு எங்களுடையது. அந்தத் தெருவில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும். அப்பா ஒரு பட்டறையில் இயந்திரப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். வந்து இரண்டு வருடமாகியும் அவரை யாரும் ஓரிடத்துக்கும் கூப்பிட்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட வரைபலகைக்கு முன்னால் தனியே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அதை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் பென்சில் தூள் ஒட்டியிருப்பதை வைத்து அம்மா கண்டுபிடித்தார்.

அவரை முதன்முதலில் கூப்பிட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற ஃபிட்டர். பழைய ராணுவ ரைபிள்களை வைத்துக் குறி சுடும் சின்னக் கழகம் ஒன்றுக்குத் தலைவர். கழகத்தில் எல்லாரும் அவரைக் கப்டன் என்பார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியைக் கையால் தொட்டவர் அல்ல. காகம் கலைக்கக் கல்லெறிந்தாலே கிணற்றுக்குள் விழும். ஆனால் கப்டன் ஒருநாள் வேலிக்கு மேலால் ஓர் ஈயக்குண்டையும் மைக்ரோமீற்றரையும் நீட்டி, “அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இது நேரே போகாது, மேட்,” என்றார். அவ்வளவுதான். அப்பா விழுந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயர்க் கடைகளில் சில்லுச் சமநிலைக்குப் பூட்டிக் கழித்துப்போடும் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்தால் குண்டு வரும். அச்சிலிருந்து வருவது கொஞ்சம் பருமனாக இருக்கும். ஒன்றைப் போல் மற்றது இராது. அதை ஓர் உருக்கு வளையத்துக்குள்ளால் அழுத்தித் தள்ளி எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். துப்பாக்கிக் குழலைவிட மயிரிழை பருமனாக நிற்க வேண்டும். மெலிந்தால் குழலுக்குள் ஆடும். குண்டின் இடுப்பைச் சுற்றிப் பள்ளமான வரிகள் உண்டு. அவற்றில் மெழுகும் கொழுப்பும் கலந்து பூசாவிட்டால் ஈயம் குழலில் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, வெடிமருந்து போட்ட பித்தளைக் கோதின் வாயைச் சற்று விரித்து, அதில் குண்டை நிமிர்த்தி வைத்து, நெம்புகோலை இழுத்து இறக்க வேண்டும். வாய் போதுமான அளவு விரியாவிட்டால் பித்தளை ஈயத்தைச் சீவிவிடும். பாக்குச் சீவல் போல மெல்லிய சுருள் ஒன்று மேசையில் விழும். அந்தக் குண்டு வீண்.

கப்டன் ஒரு ரைபிளோடு சேர்த்து இரவல் தந்த இந்த நெம்புகோல் யந்திரத்தை அப்பா எங்கே பூட்டினார் என்கிறீர்கள்? குசினியில், அம்மா சமையல் செய்யும் மேசையில். மேசையில் துளை போட்டுப் பூட்டினார்.

“இஞ்சாரும், இது இடியப்ப உரல் மாதிரித்தான். அதில மா, இதில ஈயம். வேற வித்தியாசமில்லை,” என்று அம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

“அப்ப இரவைக்கு அதையே அவிச்சுத் தாறன். சொதி ஊத்திச் சாப்பிடுங்கோ,” என்றார் அம்மா.

நெம்புகோலை இழுப்பது என் வேலையாயிற்று. அப்பாவுக்கு இரண்டு கையும் அளப்பதற்கே சரியாக இருந்தது. ஒவ்வொரு குண்டையும் அளப்பார், திருப்பி அளப்பார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளப்பார். அந்த வருடம் நாடே மீற்றருக்கு மாறிக்கொண்டிருந்ததால் அங்குலத்தில் அளந்ததை மில்லிமீற்றருக்கு மாற்றி, அதைக் கப்டனிடம் சொல்லி, கப்டன் அதை மறுபடி அங்குலத்துக்கு மாற்றச் சொல்ல, இப்படியே சனிக்கிழமை போகும். ஈயம் பிடித்த கையோடு நான் பாணும் ஜாமும் சாப்பிட்டேன். கையைக் கழுவு என்று சொன்னவர் அம்மா மட்டும்தான். அதுவும் மேசைவிரிப்பு ஊத்தையாகிறது என்பதற்காக. இன்றைக்கு ஓர் அப்பா தன் மகளிடம் இப்படி வேலை வாங்கினால் பொலிசைக் கூப்பிட வேண்டும்.

இனிக் கொழுப்பு விஷயம்.

பூசுவதற்குக் கப்டன் ஒரு டின் கொடுத்தார். தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும், தன் தகப்பன் காலத்துப் பக்குவம் என்று பெருமையாகச் சொன்னார். அப்பா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா குசினி வாசலிலேயே மறித்தார்.

“என்ன அது?”

“மெழுகு.”

“என்ன மெழுகு?”

அப்பாவுக்குப் பொய் வராது. “கொஞ்சம் மாட்டுக் கொழுப்பும் கிடக்கு.”

“என்ர குசினிக்குள்ள அது வராது.”

“சாப்பிடவே போறம்? குண்டுக்குப் பூசத்தானே.”

“அதைப் பூசிற கைதானே விடிய எழும்பித் திருநீறும் பூசும்?”

“உமக்குத் தெரியுமோ, தோட்டாவில பூசின கொழுப்பாலதான் இந்தியாவில ஒரு பெரிய கலகமே நடந்தது.”

“தெரிஞ்சுகொண்டும் ஏன் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?”

இந்த இடத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான். வேலிக்குப் போய், ‘எங்கள் வீட்டில் மாட்டுக் கொழுப்பு தொடமாட்டோம், வேறு ஏதாவது உண்டா?’ என்று கேட்பது. இருபது அடி நடை. நான் அதைச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை, நான் கப்டனின் வீட்டுக்குக் கல்லெறியச் சொன்னதுபோல இருந்தது.

“ஆசையாய்த் தந்த மனுசனிட்ட இது எங்களுக்குச் சரிவராது எண்டு சொல்லலாமோ, பிள்ளை? மனம் நோகாதோ?”

டின் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனது. பச்சை நிறம், மூடியில் யாரோ ஒரு ராணியின் தலை. இப்போது அந்த வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அது எந்த மண்ணுக்குள் போயிற்றோ.

ஜூலை மாதம் ஒரு காலை, பள்ளிக்குப் போக என் தலைமுடியை இழுத்துப் பின்னுவதற்காக அம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். குளிருக்கு எண்ணெய் வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடந்தது. அம்மா அதைக் கத்தியால் குத்தி எடுத்துக்கொண்டிருக்கையில் அப்பா வந்தார். போத்தலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அசையவில்லை.

“இது மெழுகாய் வந்திட்டுது!”

“குளிருக்கு இறுகினதப்பா,” என்றேன்.

“ஊரில ஒருநாளும் இப்பிடி இறுகினதைக் கண்டனீரே?” என்று அம்மாவைக் கேட்டார். நான் சொன்ன பௌதிகம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்று மாலையே தேன்மெழுகைச் சூடாக்கி அதில் தேங்காயெண்ணெயைக் கலந்தார். அதற்கு அம்மாவின் பால் காய்ச்சும் சிறிய சட்டி பலியானது. பளபளவென்று, வெண்ணெய்போலப் பதமான மெழுகு வந்தது. குண்டின் வரிகளில் அழகாக உட்கார்ந்தது. வீடெல்லாம் என் தலை மணத்தது; என் தலையெல்லாம் துப்பாக்கி மணத்தது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கதிரையைத் தள்ளிப் போட்டாள்.

கோபம் என்னவென்றால், அது வேலை செய்தது. பனிக்காலம் முழுவதும் அப்பாவின் குண்டுகள் இலக்கில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. குழலில் ஈயம் துளிகூட ஒட்டவில்லை. கப்டன் தன் துப்பாக்கிக்கும் அதையே பூசிப் பார்த்தார். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். அப்பாவுக்குப் புரொபெஸர் என்று பட்டம் வந்தது. என்ன கலவை என்று கேட்டால் சிரித்துவிட்டு, ‘தேங்காய்’ என்பார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தக் கழகத்தில் ஒரு பருவம் விருந்தாளியாகச் சுட்ட பிறகுதான் உறுப்பினராக எடுப்பார்கள். செப்டெம்பரில் கப்டன் சொன்னார்: “வருடாந்தப் போட்டிக்கு எங்கள் ஐந்து பேருக்கும் நீயே தோட்டா தயாரி, புரொபெஸர். ஐந்தாவது ஆளாக நீயும் சுடு. அது நல்லபடி முடிந்தால் உன் பெயரை நானே குழுவில் முன்மொழிவேன்.”

அப்பா அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே அதை இரண்டு தரம் சொன்னார். உறுப்பினர்களுக்குப் பச்சைக் கோட்டு உண்டு. அம்மாவின் தையல் நாடாவை எடுத்துத் தன் தோளை அளந்துகொண்டார், மில்லிமீற்றரில். என் கை நெம்புகோல் பிடித்துக் காய்த்திருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தக் கோட்டு அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று எனக்கே ஆசையாகிவிட்டது. அந்த ஊரில் அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த வசந்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒரே தமிழர் ஓர் அங்கிள். மதுரைக்காரர். பெயிண்ட் தொழிற்சாலையில் கெமிஸ்ட். அம்மாவின் தேத்தண்ணீரைக் குடித்தபடி மேசையில் அடுக்கியிருந்த தோட்டாக்களைப் பார்த்தார்.

“சார், தேங்காயெண்ணெய் இருபத்தஞ்சு டிகிரி தாண்டினா தண்ணியா ஓடுமே. வெயில் காலத்துல கொஞ்சம் பாத்துக்குங்க.”

“தேன்மெழுகு போட்டிருக்கிறன் எல்லோ. பாப்பம்,” என்றார் அப்பா.

அங்கிள் தலையாட்டினார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாக, “பாப்பா, அது நிச்சயமா ஒழுகும்,” என்றார்.

“அப்பாவிட்டச் சொல்லுங்கோ அங்கிள்.”

“சார் பெரியவர். பாப்பம்னுட்டார். நான் என்ன பண்றது?”

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினொரு வயதுப் பிள்ளையைப் பாப்பா என்று கூப்பிட்டதைக்கூட நான் மன்னித்துவிட்டேன்; இதை மன்னிக்கவில்லை.

போட்டி நாள் விடியும்போதே மேற்குக் காற்று அனலாக வீசியது. கப்டன் வேலிக்கு அப்பாலிருந்து, “இன்றைக்கு நூறு தாண்டும்!” என்றார். “முப்பத்தெட்டு செல்சியஸ்,” என்று திருத்தினார் அப்பா. தோட்டாக்களை மூக்கு மேலே பார்க்க மரத் தட்டுகளில் வரிசையாக நிறுத்தி, காரின் பின்பெட்டிக்குள் வைத்தார். இராணுவ அணிவகுப்புப் போல இருந்தது. மூக்கு மேலே இருந்தால் உருகுவது எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்க ஒரு வரைஞருக்குத் தெரியாதா?

சுடுமிடம் குவேக்கர்ஸ் ஹில் பக்கம். இப்போது அங்கே நம் சனம் வீடு வீடாகக் குடியிருக்கிறது. அப்போது வெறும் மேய்ச்சல் நிலமும் முள்வேலியும் ஈக்களும். எதிரணி பிந்தி வந்தது. வந்த பிறகும் பிரதமரை அனுப்பியது சரியா பிழையா என்று இரண்டு அணியும் வாதாடியது. அவ்வளவு நேரமும் தோட்டாக்கள் காருக்குள். எடுத்து வரச் சொன்னபோது பின்பெட்டியைத் திறந்தேன். என் தலைமுடியின் மணம் முகத்தில் அடித்தது. ஒவ்வொரு கோதின் வாயிலும் வியர்த்ததுபோல எண்ணெய் மினுங்கியது.

“அப்பா, எல்லாம் உருகிப் போச்சு.”

“வெளியால கிடக்கிறதுதான் உருகினது. துணியால துடைச்சுக் கொண்டு வா.”

“உள்ளுக்க போயிருந்தா?”

“பிள்ளை, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

துடைத்துக் கொண்டு போனேன்.

ஐந்து பேரும் மண்மேட்டில் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். அப்பா கடைசி ஆள். அம்மாவும் நானும் பின்னால், ஒரு யூகலிப்டஸ் மரத்தின் பாதி நிழலில். முதல் சுற்றுகள் ஒழுங்காகப் போயின. ஒவ்வொரு வெடியும் நெஞ்சில் உதைத்தது. சில வெடிகள் மட்டும் சோம்பலாகக் கேட்டன. கப்டன் ஒருதரம் தன் துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் எங்கள் அணி ஒரு சில புள்ளிகளால் முன்னுக்கு நின்றது. கடைசிச் சுற்று.

அப்பா சுட்டார். வெடிச் சத்தம் இல்லை. போத்தல் மூடி திறந்ததுபோல ‘பொக்’ என்றது. இலக்குப் பக்கத்திலிருந்து ஒன்றும் படவில்லை என்று கொடி காட்டினார்கள். அப்பா வெற்றுக் கோதை வெளியே எடுத்தார். அடுத்த தோட்டா ஏற்கெனவே கையில் இருந்தது.

மருந்து முழுதாகப் பற்றாவிட்டால் குண்டு குழலின் நடுவில் நின்றுவிடும்; அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் சுடுபவர் முகத்திலேயே வெடிக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே அப்பாதான். குண்டு வெளியே போய்க் குறி தவறியும் இருக்கலாம். நிறுத்தினால் ஐந்து பேரும் நிறுத்த வேண்டும், எல்லாருடைய கையிலும் அவருடைய தோட்டாதான். போட்டி போகும். கப்டனின் முன்மொழிவு போகும். அவர் கையில் தோட்டாவை வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டார். நான் அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று இப்போது சோடித்து எழுத விருப்பமில்லை. எனக்குத் தண்ணீர் விடாய்த்தது.

அப்பா கையை உயர்த்தினார். “நிறுத்துங்கள்! ஒருவரும் சுட வேண்டாம்! என் தோட்டா பிழை!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

துப்புரவுக் கம்பியைக் குழலுக்குள் விட்டார்கள். பாதியில் நின்றது. அப்பா வரிசையில் ஒவ்வொருவரிடமும் குனிந்து, மிஞ்சிய தோட்டாக்களைத் தன் தொப்பிக்குள் வாங்கினார். கப்டன் ஒன்றைப் பிரித்துக் கொட்டினார். மருந்து ஈரச் சீனிபோலக் கட்டிபட்டிருந்தது. எதிரணிக்கு வெற்றி என்று அறிவித்தார்கள்.

“தேங்காய் எண்ணெய்!” என்றார் கப்டன். “நான் ஒரு டின் நிறையத் தந்தேனே. அதற்கு என்ன குறை?”

அப்பா தொப்பிக்குள் இருந்த தோட்டாக்களை எண்ணத் தொடங்கினார். அம்மா குடையோடு நடுவில் வந்தார். இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அம்மா ஒரு வெள்ளைக்காரரிடம் தானாகப் பேசியது அதுதான் முதல்தரம்.

“கவ் ஃபட் நோ,” என்றார். “மை கிச்சின் நோ.”

கப்டன் வானத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். “இதுதானா? இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, மேட்! வாஸ்லின் இருக்கிறது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு இருக்கிறது. மறுநாளே வேறு டின் தந்திருப்பேனே!”

திரும்பி வரும்போது தோட்டாக்கள் நிறைந்த தொப்பி என் மடியில் இருந்தது. நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

டிசெம்பரில் கப்டன் வேலிக்கு வந்தார். நான் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டேன். “குழு இந்த வருடம் வேண்டாம் என்கிறது. ஆனால் நீ நிறுத்தியதை எல்லாரும் பார்த்தார்கள். பெப்ரவரியில் மறுபடி தொடங்குகிறோம். வா.”

அப்பா நன்றாகச் சிரித்து, கைகொடுத்து, நன்றி சொன்னார். உள்ளே வந்து, “வேண்டாம் எண்டிட்டினம்,” என்றார்.

“இல்லையப்பா. பெப்ரவரியில வரச் சொன்னவர்.”

“அது அப்பிடித்தான் சொல்லுறது. மரியாதையாய் இல்லை எண்டு சொல்லுறது.”

“ஓம், முகத்துக்கு நேர சொல்லுவினமே?” என்றார் அம்மா.

அப்பா கப்டனின் ரைபிளை எண்ணெய் போட்டுத் துடைத்து, குளிக்கும் துவாயில் சுற்றி, வேலிக்கு மேலால் திருப்பிக் கொடுத்தார். கப்டன் ஒரு கணம் தயங்கி வாங்கிக்கொண்டார். நெம்புகோல் யந்திரமும் போனது. மேசையில் துளைகள் மட்டும் மிஞ்சின. அம்மா அதன்மேல் சீனிப் போத்தலை வைத்தார். அதன் பிறகு இரண்டு பேரும் புல்லு வளர்வதைப் பற்றியும் தக்காளியைப் பற்றியும் பேசினார்கள், அவ்வளவு மரியாதையாக.

1978 தொடக்கத்தில் நாங்கள் வீடு மாறினோம். குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கக் கப்டன் வந்தார். அதை லொறியில் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கும்போது என்னிடம் சொன்னார்: “உன் அப்பா வருவார் என்று அந்தப் பருவம் முழுவதும் மண்மேட்டில் அவருடைய இடத்தில் நான் ஒருவரையும் படுக்கவிடவில்லை. பாவம், எங்களைப் பிடிக்காமல் போய்விட்டது அவருக்கு.”

நான் உள்ளே ஓடினேன். அப்பா வெறும் குசினியில் முழங்காலில் நின்று அட்டைப்பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அவர் உண்மையாத்தான் வரச் சொன்னவராம்! வருசம் முழுக்க உங்கட இடத்தை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தவராம்! நான் சொன்னனான் எல்லோ!”

அப்பா நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். பெட்டியின் மேல் அதை விரலால் மெதுவாக நீவி ஒட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“ஒருக்காத்தானே வரச் சொன்னவர்,” என்றார்.

பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஓம், ஒருக்காத்தான்.”